மார்கழிக்கு முன் கைக்கு வராத கடன்

கேள்வி: ஐயா, நாங்கள் புத்தூர்ப் பக்கம் தோட்டம் செய்கிறோம். எனக்குச் சீதனமாக வந்த 6 பரப்பும், குத்தகைக்கு எடுத்த 8 பரப்பும் இருக்கின்றன. வெங்காயம், மிளகாய், கொஞ்சம் மரக்கறி போடுகிறோம். போன முறை நடுகைக்குக் காசு வேண்டும் என்று கார்த்திகையில் வங்கியில் விண்ணப்பம் கொடுத்தோம். மாசியில்தான் “காசு தயார், வாருங்கள்” என்று அழைத்தார்கள். இனி எதற்கு என்று விட்டுவிட்டோம். அதற்குள் கடையில் 100,000 ரூபாய்க்கு விதை வெங்காயம், பசளை, மருந்து எல்லாம் கடனுக்கு எடுத்து, தை கடைசியில் 6 பரப்பில் நட்டிருந்தோம். விளைந்த 1,200 கிலோவையும் அந்தக் கடைக்காரருக்கே சந்தை விலையிலிருந்து கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துக் கொடுத்தோம். பிறகு வைகாசியில் 2 பரப்பில் நட்டு ஆடியில் கிண்டிய 350 கிலோ வெங்காயம் இப்போது கொட்டிலில் தொங்குகிறது. குழுக் கடன் ஒன்றுக்குக் கிழமைக்கு 2,500 ரூபாய் கட்டுகிறேன், இன்னும் 14 கிழமை உண்டு. அதற்காக அந்த வெங்காயத்தை விற்கலாம் என்று இருக்கிறோம். இம்முறை வங்கியில் 15 வீத வட்டிக்கு 500,000 வரை தரலாம் என்கிறார்கள், ஆனால் காணி உறுதியை ஈடாகக் கேட்கிறார்கள். ஊரில் ஒருவர் காணியை ஒற்றிக்குக் கேட்கிறார். கணவர் மேசன் வேலை செய்கிறார். அவருக்குக் கடன் என்றாலே பயம். கடன் எடுத்தால் உண்மையிலேயே விளைச்சல் கூடுமா? நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது இரண்டு மாதங்களின் பெயர்கள்தான். விண்ணப்பம் கொடுத்தது கார்த்திகை, காசு வந்தது மாசி. வட்டி வீதத்தையும் தொகையையும் பிறகு பார்ப்போம். போன முறை உங்கள் விளைச்சலைக் குறைத்தது அந்த மூன்று மாத இடைவெளி.

யாழ்ப்பாணத்தில் 26 வருடம் விவசாயக் கடன் உத்தியோகத்தராக இருந்தவன் நான். ஆரம்ப காலத்தில் என் மேசையில் ஒரு கோப்பு ஐந்து கிழமை கிடந்தது. பிணையாளி ஒருவரின் சம்பளப் பத்திரம் குறைகிறது என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். அந்த மனிதரும் அவருடைய அண்ணனும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் தோட்டம் செய்தவர்கள். ஒரே செம்மண், ஒரே கிணறு, விதை வெங்காயமும் ஒரே கொட்டிலில் இருந்து வந்தது. அண்ணன் மார்கழி நடுவில் நட்டார், தம்பி தை கடைசியில் நட்டார். கிண்டும் நாளில் நான் போய்ப் பார்த்தேன். அண்ணனின் வெங்காயம் கைப்பிடியை நிரப்பியது. தம்பியுடையது சுண்டங்காய் மாதிரிச் சிறுத்துக் கிடந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து விவசாயக் கடன் விண்ணப்பம் எது வந்தாலும் முதலில் “எப்போது நடப் போகிறீர்கள்?” என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

நம் ஊரில் வெங்காயத்துக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை ஓய்ந்து, நிலம் ஈரம் பிடித்து, பனி விழும் அந்தக் குளிர்ந்த நாட்களில் நட்டால் 70, 75 நாளில் குமிழ் திரண்டுவிடும். முந்தினால் மழையில் அழுகும். பிந்தினால் குமிழ் திரளும் நேரம் பங்குனி, சித்திரை வெயிலில் போய் விழும். இறைப்பு கூடும், எண்ணெய்ச் செலவு கூடும், பூச்சித் தாக்கமும் கூடும். இவ்வளவு செலவழித்தும் காய் சிறுக்கும். பயிர் நீங்கள் போட்ட பசளையைப் பார்ப்பதற்கு முன்பே நாளைப் பார்த்துவிடுகிறது.

ஆகவே “கடன் எடுத்தால் விளைச்சல் கூடுமா” என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: நடுகைக்கு முன் கையில் இருந்தால் கூடும். பிந்தி வந்தால் வட்டிதான் கூடும்.

இப்போது கடைக் கடனைப் பார்ப்போம். கடைக்காரர் வட்டி கேட்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். 1,200 கிலோவுக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் என்றால் 24,000 ரூபாய். 100,000 ரூபாய்க்கு மூன்று மாதத்துக்கு நீங்கள் கொடுத்த விலை அது. வங்கிக் கடனாக இருந்திருந்தால் 15 வீதத்தில் அதே மூன்று மாதத்துக்கு 3,750 ரூபாய் வரும். மீதி 20,250 ரூபாய் உங்கள் உழைப்பில் இருந்து போனது. கடனுக்கு எடுத்த சாமானின் விலையில் ஏற்றி வைத்திருந்தால் அது வேறு கணக்கு.

ஆனாலும் அந்தக் கடைக்காரரை நான் திட்ட மாட்டேன். பின்னேரம் ஆறு மணிக்குப் போய் நின்றாலும் ஒரு கடதாசியும் கேட்காமல் சாமானைத் தூக்கித் தருகிறார். வங்கி தவறவிடும் காலத்தை அவர் பிடித்துக்கொள்கிறார். அதனால்தான் நம் தோட்டக்காரர்கள் அவரை விட முடியாமல் இருக்கிறார்கள். மாசியில் வங்கி அழைத்தபோது நீங்கள் போய் அந்தக் காசை எடுத்துக் கடையை அடைத்திருந்தால், கிண்டிய வெங்காயத்தை யாருக்கு விற்பது என்ற சுதந்திரமாவது மிஞ்சியிருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். சரி, அது போன முறை.

இந்த முறை எனக்குப் பெரிய கவலை உங்கள் கொட்டிலில் தொங்கும் அந்த 350 கிலோ வெங்காயம்தான். தயவுசெய்து அதை விற்காதீர்கள். ஆடியில் கிண்டியதைப் பிடி கட்டி, காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் மார்கழியில் அதுதான் உங்கள் விதை. உலர்ந்ததும் அழுகியதும் போகக் கால்வாசி குறைந்தாலும் 260 கிலோ அளவில் மிஞ்சும். வெங்காயச் செய்கையில் ஆகப் பெரிய செலவுகளில் ஒன்று விதை. ஆவணியில் கிழமைக் கட்டுக்காக அதை விற்று, மார்கழியில் எல்லோரும் விதை தேடும்போது கூடிய விலைக்கு, அதுவும் கடனுக்கு வாங்குவது எவ்வளவு பெரிய இழப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வாங்கும் விதை எந்தத் தோட்டத்தில் என்ன நோயோடு இருந்தது என்றும் தெரியாது. உங்களுடையது உங்கள் கண்முன் வளர்ந்தது.

குழுக் கடன்களைப் பற்றி என் மனதில் உள்ள பெரிய குறையே இதுதான். பயிர் 75 நாளுக்கு ஒருமுறை காசு தருகிறது, மிளகாய் இன்னும் பிந்தித் தருகிறது. கடனோ ஏழு நாளுக்கு ஒருமுறை வந்து கதவைத் தட்டுகிறது. தட்டுகிற நாளில் வீட்டில் எது விற்கக்கூடியதோ அது போகும். விதை போகும், ஆடு போகும், கடைசியில் காதில் கிடப்பது அடைவுக்குப் போகும். கோழி வளர்ப்பவருக்கோ கடை வைத்திருப்பவருக்கோ கிழமைக் கட்டு பொருந்தலாம். தோட்டத்துக்குப் பொருந்தாது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபாய் வரையான நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அந்த அளவுக்கு நம் பெண்கள் அடிபட்டிருக்கிறார்கள்.

உங்களுடையது இன்னும் 14 கிழமை, 35,000 ரூபாய். ஆவணி முடிவில் இருந்து எண்ணினால் மார்கழித் தொடக்கத்தில் முடிந்துவிடும். நடுகைக்கு முன்பே தோளில் இருந்து இறங்கிவிடுகிற பாரம் அது. அந்த 14 கிழமையும் கணவரின் மேசன் கூலியில் இருந்தும் மரக்கறி விற்கும் காசில் இருந்தும் கட்டப் பாருங்கள். முடிந்ததும் புதுக் குழுக் கடன் எடுக்காதீர்கள். “அக்கா, உங்கள் பெயர் நல்ல பெயர், இன்னும் கூட்டித் தருகிறோம்” என்று வருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்படியென்றால் வங்கியில் எவ்வளவு கேட்பது? 500,000 உங்களுக்குத் தேவையில்லை. போன முறை கடையில் எடுத்த 100,000க்குள் விதையும் இருந்தது. இந்த முறை விதை உங்களுடையது. மிஞ்சுவது பசளை, மருந்து, நடுகைக் கூலி, களை பிடுங்கும் கூலி, இறைப்புக்கு எண்ணெய், மிளகாய் நாற்றுச் செலவு. ஒரு கொப்பியில் நீங்களும் கணவரும் உட்கார்ந்து நாள் வாரியாக எழுதிப் பாருங்கள். 200,000ஐத் தாண்டாது என்பது என் கணிப்பு. எண்ணெயை மட்டும் தாராளமாகப் போடுங்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340க்கு ஒரே இரவில் ஏறியதும், அந்தப் போகத்தில் எத்தனை இறைப்பு மெசின்கள் சும்மா கிடந்தன என்பதும் உங்களுக்கு மறந்திருக்காது.

மிச்ச 300,000 கிடைக்கிறதே, பசளையைக் கூட்டிப் போட்டால் விளைச்சல் கூடாதா என்று அயலில் யாராவது சொல்லலாம். நம் செம்மண் தோட்டங்களில் பசளை குறைந்து விளைச்சல் குறைந்த இடத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்தேன், பசளை கூடிப்போன இடங்கள்தான் அதிகம். மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல், அதில் வெடிப்புகள். மேலே போடும் யூரியாவில் பயிர் எடுக்காதது நேராகக் கிணற்றுக்குத்தான் போகிறது. நம் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்தத் தண்ணீரைத்தான் நம் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். கடன் காசு கையில் நிறைய இருந்தால் மனம் அதிகமாகத்தான் போடச் சொல்லும். விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனையைப் பற்றிக் கேட்டு, அவர் சொல்கிற அளவுக்குள் நில்லுங்கள். சாணி எருவுக்கும் மண்ணில் பச்சிலைக் குழை தாழ்ப்பதற்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள். ஈரத்தை மண் பிடித்து வைத்தால் இறைப்பு குறையும்.

தூவல் நீர்ப்பாசனம் போட வேண்டும் என்ற ஆசை இருந்தால் அது நல்ல ஆசைதான். ஆனால் அதைப் போகக் கடனில் இருந்து செய்யாதீர்கள். பல வருடம் உழைக்கும் பொருளுக்குப் பல வருடத்தில் கட்டும் கடன் வேண்டும். ஆறு மாதக் கடனில் குழாய் வாங்கியவர்கள் ஏழாம் மாதம் அதைக் கழற்றி விற்றதை நான் பார்த்திருக்கிறேன்.

கடன் யாருக்கு உதவுகிறது என்பதைப் பற்றி வெளிநாடுகளில் நடந்த இரண்டு ஆய்வுகளின் முடிவை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மாலியில் சிறு விவசாயிகளுக்குக் கடன் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு கடன் எடுக்காத விவசாயிகளில் சிலருக்கு இலவசமாகவே காசு கொடுத்தார்கள். அவர்களில், கடன் கிடைக்கக்கூடிய ஊர்களில் இருந்தும் தாங்களாகவே வேண்டாம் என்று விட்டவர்களுக்கு அந்த இலவசக் காசு தோட்டத்தில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. தன் நிலத்தில் காசு போட்டால் திரும்பி வருமா என்பது அந்த விவசாயிகளுக்கே ஓரளவு தெரிந்திருந்தது. ஆகவே உங்கள் கணவரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். எந்த இடத்தில் காசு திரும்பி வராது என்று அவர் நினைக்கிறார் என்று கேளுங்கள். கொப்பியில் அந்த வரியை இரண்டு பேரும் சேர்ந்து திருத்துங்கள்.

மற்றது கானாவில் நடந்தது. ஒரு பகுதியினருக்குக் காசு கொடுத்தார்கள், இன்னொரு பகுதியினருக்கு மழைக் காப்புறுதி கொடுத்தார்கள். தோட்டத்தில் கூடுதலாக முதல் போட்டவர்கள் காப்புறுதி பெற்றவர்கள். கையில் காசு இல்லாதது அவர்களை அவ்வளவு தடுக்கவில்லை, எல்லாம் அழிந்துவிடுமோ என்ற பயம்தான் தடுத்தது. 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் வந்தபோது நம் தோட்டங்களில் தண்ணீர் நின்ற நாட்களை நினைத்தால் அந்தப் பயம் நமக்கும் புரியும். 1999ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் விவசாய மற்றும் கமநலக் காப்புறுதிச் சபை இருக்கிறது. உங்கள் கமநல சேவை நிலையத்தில் சின்ன வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இந்தப் போகம் என்ன காப்புறுதி கிடைக்கும், எந்தத் திகதிக்கு முன் பதிய வேண்டும் என்று கேளுங்கள். கடன் விண்ணப்பத்தோடு அதையும் ஒரே நாளில் செய்துவிடுங்கள்.

இனி உறுதி. ஒரு போகத்துக் கடனுக்கு உங்கள் சீதனக் காணியை ஈடு வைக்க வேண்டாம். தொகை 200,000 என்று குறைந்தாலே வங்கியின் பேச்சும் மாறும். அந்த அளவுக் கடனுக்கு இரண்டு பிணையாளர் போதும் என்று பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். அரசு வட்டியில் ஒரு பகுதியைத் தாங்கும் கடன் திட்டம் இந்தப் போகத்துக்குத் திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். 1986 முதல் புதிய விரிவான கிராமியக் கடன் திட்டம் என்ற பெயரில் அப்படி ஒன்று நடந்து வந்திருக்கிறது. இலங்கை வங்கி, மக்கள் வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி மூன்றிலும் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. முதல் கிளையில் கிடைத்த பதிலோடு நிற்காதீர்கள். வட்டி நிலையானதா மாறக்கூடியதா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி உயர்த்தியபோது, மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஒற்றி வேண்டவே வேண்டாம். யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமையில் அது பழைய வழக்கம்தான். வட்டிக்குப் பதிலாக விளைவை அவர் எடுப்பார், நீங்கள் வட்டி கட்ட வேண்டியதில்லை. கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் முதலைத் திருப்பிக் கொடுக்கும் வரை காணி அவர் கையில். உங்களுக்கு அந்த முதலைத் தேடித் தர வேண்டிய காணியே அதுதான். ஒற்றிக்குப் பிடித்தவர் குழை தாழ்ப்பாரா, எரு போடுவாரா? நான் கண்டவரையில் பெரும்பாலானோர் போடுவதில்லை. சில வருடம் கழித்துத் திரும்பி வரும்போது மண் வெளிறிப்போய் வரும்.

குத்தகைக் காணி 8 பரப்புக்கும் ஒரு சிறு எழுத்து வாங்கி வையுங்கள். கமநல சேவை நிலையத்தின் காணி இடாப்பில் பயிர் செய்பவராக உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பதியுங்கள். வங்கிக்கும் காப்புறுதிக்கும் இரண்டுக்கும் அது உதவும். குழுவில் வேறு யாராவது கட்டாமல் விட்டது உங்கள் பெயரில் கிரிப் என்ற கடன் தகவல் பணியகத்தில் விழுந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், வங்கி மூலமாக உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். கடன் தரலாமா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கிதான், கிரிப் வெறும் பதிவு. பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். கார்த்திகையில் அதைக் கண்டுபிடித்தால் மறுபடியும் மாசிதான்.

விண்ணப்பத்தைப் புரட்டாதி முடிவதற்குள் கொடுங்கள். கடிதத்தில் நடுகைத் திகதியை எழுதுங்கள்: “மார்கழி நடுவில் நடுகை, காசு கார்த்திகை கடைசிக்குள் வேண்டும்” என்று. காசை இரண்டு தவணையாகக் கேளுங்கள், நடுகைக்கு ஒன்று, தையில் மேற்கட்டுப் பசளைக்கும் எண்ணெய்க்கும் ஒன்று. எடுக்காத காசுக்கு வட்டி ஓடாது, கையில் கிடக்கும் காசு வீட்டுக் கூரைக்கும் போகாது. திருப்பிக் கட்டும் நாளையும் நீங்களே சொல்லுங்கள். வெங்காயம் பங்குனியில் கிண்டினால், கட்டும் நாள் வைகாசி கடைசி என்று போடக் கேளுங்கள். 200,000க்கு இரண்டு மாதம் கூடுதல் வட்டி 5,000 ரூபாய். அந்த 5,000 உங்களுக்கு வாங்கித் தருவது, எல்லோரும் ஒரே கிழமையில் சந்தைக்குக் கொண்டுவரும் நாளில் நீங்களும் போய் நிற்க வேண்டாம் என்ற வசதி. ‘கழிவு’ என்று எடையில் கழித்துப் பார்க்கும் வியாபாரியிடம் “வேண்டாம், நான் திருப்பிக் கொண்டுபோகிறேன்” என்று சொல்லும் தைரியமும் அதிலிருந்துதான் வரும்.

ஆனால் முழுவதையும் விலை ஏறும் என்று வைத்திருக்காதீர்கள். 1970களில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது நம் தோட்டங்கள் எப்படிச் செழித்தன, 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தபோது எப்படி விழுந்தன என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். இன்றைக்கும் இறக்குமதி வரி ஒருமுறை மாறினால் ஒரே கிழமையில் விலை சரியும். கடனுக்கும் வட்டிக்கும் போதுமான அளவை, பாதியோ அதற்குக் கொஞ்சம் கூடவோ, கிண்டியவுடன் விற்று அந்தக் காசைத் தனியாக வையுங்கள். மிச்சத்தைப் பிடி கட்டித் தொங்கவிடுங்கள்.

இந்தப் புரட்டாதியில் வங்கிக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உத்தியோகத்தர் இளம் பிள்ளையாக இருந்தால் ஒரு நாள் தோட்டத்துக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டு, கொட்டிலில் தொங்கும் விதையைக் காட்டுங்கள். என் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில், விதை ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று நான் நேரில் கண்ட எதையும் பிந்தவிட்டதில்லை.